பறவை இல்லாத மூன்று நிறுத்தங்கள்

"உனக்கு மெதுவாப் போக வராது பாப்பா. நானும் பாக்கத்தான போறேன்."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அங்கே கூட வேலை பார்த்த அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா பாலசமுத்திரத்தில் மாந்தோப்புக் காவல். அம்மா அதே தோப்பில் களை எடுப்பார். மெதுவாகப் போயிருந்தால் நானும் அங்கேயே குனிந்து நின்றிருப்பேன். விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு இந்த வேலை கிடைத்தபோது, கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையை வீட்டுக்குப் போன பிறகும் கழற்றாமல் ஒரு வாரம் திரிந்தேன்.

வேலையே மெதுவாகப் போவதுதான். மலையடிவாரத்தில் ஆறு சமதரைக்கு வந்து அகலமாகப் பரவுகிற இடத்தில் நாணலும் சம்பும் கோரையுமாக ஒரு ஈரநிலம் இருக்கிறது. பறவைகளுக்காக ஒதுக்கிய காப்பிடம். அதன் கரையோரமாக எட்டுக் கிலோமீட்டர் மண்பாதை. பழனிக் கோயிலுக்கு வருகிறவர்களும் கொடைக்கானலிலிருந்து இறங்குகிறவர்களும் காலையில் வந்தால், ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்து நிதானமாகச் சுற்றிக் காட்டி அழைத்து வருவோம். வழிகாட்டி என்று நான் முன்னால் போவேன். எல்லோருக்கும் கடைசியில், கூடையில் காற்றடிக்கும் பம்பும் தண்ணீர்க் கேனும் வைத்துக்கொண்டு அக்கா வருவார். பின்னாலிருந்து மணி இரண்டு தடவை கேட்டால் எல்லோரும் நின்றுவிட வேண்டும். யாருக்காவது பஞ்சராகியிருக்கும், அல்லது அக்கா எதையாவது பார்த்திருப்பார். இது எங்கள் வழக்கம்.

அக்கா அந்த மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். மேலே மலையில் மன்னவனூரில் பிறந்தவர். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி விடுதியின் சமையற்கட்டில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். சைக்கிள் ஓட்டக் கற்றதும் அங்கேதான், ஏரியைச் சுற்றி, லீவு நாட்களில், வாடகை வண்டியில். மலைக்காரர்கள் சைக்கிள் ஓட்டுவதைக் கீழே இருப்பவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பாதை என்றால் அடுத்த வளைவில் ஒரு இறக்கம் இருக்கும். ஆகவே விரல் பிரேக்கைவிட்டு வராது. தரை தட்டையாகத் தாம்பாளம் மாதிரி கிடக்கும், அக்கா பிரேக்கை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே மிதிப்பார்.

செவ்வாய்க்கிழமைதோறும் பழனியிலிருந்து வண்டிகளைப் பழுது பார்க்க வருகிற பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏம்மா, எல்லாருக்கும் பிரேக் கட்டை ஆறு மாசம் வருது. ஒங்களுக்கு மட்டும் மாசத்துக்கு ஒண்ணா? எடுத்துத் திங்கிறீங்களா?"

"எறக்கம் வந்துட்டா என்ன பாய் பண்றது?"

"எங்கம்மா இருக்கு எறக்கம்? ஆத்துக்குள்ள விட்டாத்தான் எறக்கம்."

"அதான் நானும் சொல்றேன்."

பாய் சிரித்துவிடுவார். புதுக் கட்டை மாட்டிவிடுவார்.

படிக்கிறவர்களுக்கு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது. அக்காவுக்கு நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. இனி மலையில் இருக்கக் கூடாது, கீழே சமதரையில்தான் இருக்க வேண்டும், மூச்சு வாங்குகிற எந்த வேலையும் கூடாது என்று மதுரையில் ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். கீழே அவருக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை இந்த வேலையோடு சேர்ந்து அவருக்குக் கிடைத்தது. வேலை போனால் அறை போகும். அறை போனால் மன்னவனூரில் தங்கை வீடு ஒன்றுதான் கதி. நோயைச் சொன்னால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள் என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை, "மல எனக்கு ஆகல பாப்பா" என்றார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் வேறு எதையோ பேசினேன்.

அக்கா கூசாமல் பொய் சொல்வார். அவரைப் புனிதராக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒருநாள் மணி இரண்டு தடவை கேட்டது. நின்றோம். "அந்தா, நாணலுக்கு நடுவுல, வெள்ளக் கொக்கு" என்று கை நீட்டினார். சென்னையிலிருந்து வந்த ஒருவர் நீளமான கேமராவைத் தூக்கி ஐந்தாறு படம் எடுத்துவிட்டார். நான் தொலைநோக்கியில் பார்த்தேன்.

"அது பாலித்தீன் பை, அக்கா."

"பையா? எங்கண்ணுக்குக் கொக்காத்தான் தெரியுது."

படம் எடுத்தவர் கேமராவுக்குள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஜவுளிக்கடைப் பேரே தெரியுதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் வெட்கமே இல்லாமல் சிரித்தார். எனக்கு மட்டும் உடம்பு எரிந்தது. இந்தக் கூட்டத்தில் பறவைகளைப் படித்தவள் நான். என் சுற்றில் ஒரு பாலித்தீன் பை கொக்காகிவிட்டது.

பறவைகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்களும் எனக்குப் பிடிக்காது. நாமக்கோழி கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாகக் கூட்டமாக நீந்தும். அக்கா அவற்றைச் "சிஸ்டர்மார்" என்பார். "அமைதியா இருங்க, சிஸ்டர்மார் ஜெபத்துக்குப் போறாங்க." நீர்க்காகம் சிறகை விரித்துக் கொம்பில் உட்கார்ந்திருந்தால், "அவுக துணி காயப் போட்டிருக்காக, கிட்டப் போகாதீங்க." விருந்தினர்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். நான் சரியான பெயரையும், அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் சொல்லுவேன். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "சிஸ்டர்மார் இன்னும் எங்க இருக்காங்க அக்கா?" என்று அவரிடமே போய்க் கேட்பார்கள்.

ஆத்திரமும் உண்டு அவருக்கு. ஒரு தடவை கோயம்புத்தூர்க் கல்லூரிப் பையன் ஒருவன் வரிசையை விட்டு விலகி, எல்லோரையும் முந்திக்கொண்டு, மணியடித்தபடி பறந்தான். மதகின் மேல் உட்கார்ந்திருந்த மடையான் கொக்குக் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்துவிட்டது. திரும்பி வந்தவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒங்கப்பனா தொரத்துறான் ஒன்ன? எங்க போற இம்புட்டு வெரசா? ரோடு அங்க முடிஞ்சு போகுது, போயி என்ன செய்வ?"

அவன் மன்னிப்புக் கேட்டான். அப்புறம் அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே ஓட்டினான்.

இன்னொரு நாள் நல்ல பருமனான அம்மாள் ஒருவர் வந்தார். சைக்கிள் தொட்டு முப்பது வருடமாகிறது என்றார். நூறடிக்கு ஒரு தடவை காலை ஊன்றினார். முன்னால் போனவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க முன்னாடி போங்கம்மா, நான் மெல்ல வர்றேன்" என்று அக்காவிடம் கெஞ்சினார்.

"நான் முன்னாடி போயிட்டா ஒங்களுக்குப் பின்னால யாரு இருப்பா? நீங்க நில்லுங்க, நானும் நிக்கிறேன். நமக்கென்ன, ட்ரெயினா போகப் போகுது?"

இருவரும் எங்களுக்கு முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள், பேசிச் சிரித்துக்கொண்டு. இறங்கும்போது அந்த அம்மாள் அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் வினை வந்தது. விருந்தினர்களின் வேன்கள் காத்துக் கிடந்தன. உச்சிகால பூஜைக்குப் போக வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். எங்கள் மேலாளர் என்னை அழைத்து, "சுற்று ஏன் இவ்வளவு நேரமாகுது? பார்த்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. நீங்க படிச்சவங்க, உங்களாலதான் முடியும்" என்றார்.

நீங்க படிச்சவங்க. அந்த இரண்டு வார்த்தைக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

ஒரு வாரம் பாதை முழுவதையும் குறித்தேன். அக்கா மணியடித்து நிறுத்தும் இடங்கள் ஏழு. நான்கில் பறவைகள் இருந்தன. மூன்றில் எதுவுமே இல்லை. முதலாவது, பாதை தாழ்விலிருந்து ஆளுயரத்துக்குக் கரைமேல் ஏறி முடியும் இடம். இரண்டாவது, சைக்கிளைக் கையால் தூக்கித் தாண்ட வேண்டிய மதகைக் கடந்தவுடன். மூன்றாவது, மேல்காற்று முகத்தில் அறைகிற நீண்ட நாணல் பாதையின் பாதியில். மூன்று இடத்திலும் எனக்குத் தெரிந்தது சேறும் வானமும்தான். கரை ஏறி முடித்ததும் அக்கா வண்டியில் சாய்ந்துகொண்டு, "அப்பா, ஸ்தோத்திரம்" என்பார். பக்தி என்று விருந்தினர்கள் நினைத்தார்கள். நானும்தான். நேரத்தைக் கடத்த நல்ல வழி என்றும் நினைத்தேன்.

மூன்று நிறுத்தங்களையும் எடுத்துவிட்டுப் புது டைம் டேபிள் போட்டேன். அக்காவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"கரைமேல நிக்க வேணாமா?"

"அங்க ஒண்ணுமே இல்லக்கா."

"காத்து நல்லா வருமே பாப்பா."

"காத்து பாக்கவா அக்கா வர்றாங்க?"

அவர் காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "சரி. நீ சொல்றபடியே ஓட்டிப் பாக்கேன்."

முதல் நாள் நான்கு இடத்தில்தான் மணி கேட்டது. நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்து உள்ளுக்குள் குதித்தேன். அக்கா வண்டியைச் சுவரில் சாய்க்காமல் அப்படியே கீழே போட்டுவிட்டு, வேப்பமரத்து வேரில் உட்கார்ந்தார். உதடு இரண்டும் நீலம் பாரித்திருந்தன. ஆடி மாதம், பாதையெல்லாம் நாவற்பழம் உதிர்ந்து கிடக்கும் காலம்.

"என்னக்கா, எங்களுக்குத் தராம நாவப்பழம் தின்னீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினார்.

"ஆமா பாப்பா."

அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் நாங்கள் எல்லோரும் வந்து சேர்ந்து, வேன்களும் போன பிறகு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். செயின் கழன்றுவிட்டது என்றார். செயின் சரியாகவே இருந்தது.

அன்று மாலை ரிப்போர்ட்டை முடித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். என் ஆங்கிலம் ஒரு அலுவலகத்தில் பயன்படுவது அதுதான் முதல் தடவை. எந்த இடம், எத்தனை நிமிடம், எத்தனை பறவை என்று கட்டம் போட்டிருந்தேன். மூன்று இடத்துக்கு நேராகப் பூஜ்ஜியம். கடைசி வரியில், பின்னால் வருகிறவர் வேலையில் சுணக்கம் காட்டுவதால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடலாம் என்று எழுதினேன். அந்த வரியை எழுத யாரும் என்னைக் கேட்கவில்லை.

வீட்டில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன். அவர் கண் கலங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அந்தப் பொம்பள எங்க தாயி போவா?" என்றார்.

"அத ஆபீஸ்ல பாத்துக்குவாங்கப்பா."

அலுவலகத்தில் பார்த்துக்கொண்டார்கள். மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

போகும் நாள் அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பை மட்டும். மீதிச் சாமானைத் தங்கை வந்து எடுத்துக்கொள்வாள் என்றார். கோபம் இருக்கும், நாலு வார்த்தை கேட்பார் என்று தயாராக நின்றேன். எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இங்கிலீசுல அம்புட்டையும் நீயே எழுதினியாமே. மேனேஜர் சொன்னாரு, ஒரு தப்பு இல்லையாம். எங்க ஹாஸ்டல் பிள்ளைக கூட அப்படி எழுதாது பாப்பா."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு அது உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அப்புறம் பஸ் வருகிறது என்று கிளம்பினார். வாசலுக்கும் சாலைக்கும் இடையில் இரண்டு தடவை நின்றார். என்ன பார்க்கிறார் என்று நானும் அந்தப் பக்கம் பார்த்தேன்.

மேலே போனது ஆவணியில். மார்கழியில் இறந்துபோனார்.

தை கடைசியில் தங்கை வந்தார். சின்ன உருவம், அதே மூக்கு. சாமான்களை எடுத்துக் கொடுக்கும்படி மேலாளர் என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு கம்பளி, ஒரு வேதப்புத்தகம், இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"பாப்பா, பாப்பான்னு சொல்லுவா. நீங்கதானா அது?"

"ஆமாங்க."

"எம்மேல தப்பு கெடக்குங்க" என்று அவர் கம்பளியை மடித்தபடியே பேசத் தொடங்கினார். "வேலயில சொணங்குறான்னு அனுப்பிட்டாகன்னு வந்து சொன்னா. அவ வந்தன்னைக்கே நான் கேட்டுப்புட்டேன். நாப்பது வயசுல ஒரு சைக்கிள ஒழுங்கா மிதிக்க முடியலயா ஒனக்கு, எந்தலையில வந்துதான் விடியணுமான்னு. அங்கயும் அப்படித்தானுங்க. கொழாயடிக்குப் போனா பத்தடிக்கு ஒருக்க நிப்பா. ஏண்டி நிக்கிறன்னா, அந்தா ஆட்டுக்குட்டியப் பாரு, அந்தா மேகத்தப் பாரும்பா. நாங்களும் திரும்பிப் பாப்போம். ஒண்ணுமே இருக்காது. தண்ணி தூக்கச் சோம்பப்பட்டு நடிக்கிறான்னு நெனச்சேன். மூச்சு வாங்க நிக்கிறான்னு தெரியலயே. கடைசியா ஆஸ்பத்திரியிலதான் எல்லாஞ் சொன்னாக, மதுர டாக்டரு சொன்னது, நெஞ்சுல இருந்தது, எல்லாம்."

என் கையில் ஒரு தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கரை ஏறியதும். மதகு தாண்டியதும். எதிர்காற்றின் பாதியில்.

அக்கா எங்களுக்கு எதையாவது காட்டினார். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மூச்சு விட்டுக்கொண்டார். பறவை இருக்கிற இடத்தில் நிற்கும்போது அவருக்குப் பொய் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

தங்கை தலை நிமிர்ந்தார். "ஏங்க, அவள சொணக்கம்னு சொன்னது யாருங்க? பேரு தெரியுமா ஒங்களுக்கு?"

"ஆபீஸ்ல" என்றேன். "தெரியலைங்க."

நான் அதுவரை வாங்கிய எல்லா மதிப்பெண்ணும் அந்த ஒரு பதிலில் போய்விட்டது போல இருந்தது. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். என்னைக் கும்பிட்டார்.

மறுநாள் சுற்றில் கரை ஏறி முடித்த இடத்தில் எல்லோரையும் நிறுத்தினேன். "இங்க என்னங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒண்ணும் இல்லைங்க. சும்மா நில்லுங்க" என்றேன். நின்றோம். காற்று நன்றாகத்தான் வந்தது.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கேள்வி. படுத்தால் அந்தக் கேள்வி. தன் அக்காளைத் திட்டிக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு மலைமேல் ஒருவர் இருக்கிறார். பாதிப் பாரம் என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால் அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. நான் தப்பித்துவிடுவேன். அதை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். தமிழில் எழுதினேன். அந்த ரிப்போர்ட்டில் சுணக்கம் என்று நான் எழுதியது தவறு, அது நோய், அதை விசாரிக்காமல் எழுதினேன், இதை அவர் பெயர் இருக்கும் கோப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று. படித்துவிட்டு, "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? உங்களுக்குத்தான் கெட்ட பேர்" என்றார். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டேன். போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலையே, அலுவலகப் பதிவேட்டில் இருந்த தங்கையின் எண்ணுக்கு அழைத்தேன்.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்கல்ல, யாருன்னு. தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். எழுதினது நான்தான்."

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மூச்சு கேட்டது.

"இத போன்ல சொல்லுவியா நீ?"

முதல் தடவையாக என்னை 'நீ' என்றார்.

"நேர்ல வர்றேன்."

"ஞாயித்துக்கெழம வா. வெள்ளனே வா. எனக்குச் சோலி கெடக்கு." வைத்துவிட்டார்.

பாலசமுத்திரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். இருபத்து மூன்று வருடம் அதைப் பார்த்தே வளர்ந்தவள், அந்த உயரத்துக்கு நான் போனதில்லை. இன்று இருட்டு விலகும் முன் பழனியில் பஸ் ஏறி, கொடைக்கானலில் மாறி, மன்னவனூரில் வந்து இறங்கிவிட்டேன். லாரியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் வீடு கேட்டேன். மேட்டில் தனியாக நின்ற தகரக்கூரையைக் கை காட்டினார். வாசலில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து உள்ளே போகவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார்.

நான் ஏறத் தொடங்கிவிட்டேன்.